தெர்மாகோல் கிரீடம்

"நகலைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சா அதுக்குப் பேர் மியூசியம் இல்ல மேடம், பொம்மைக் கடை."

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். எதைக் காட்டினாலும் "அசலா?" என்று கேட்பதால் அங்கே அவருக்கு அசல் சார் என்றே பெயர்.

கேட்டுக்கொண்டிருந்த மேடம்தான் அங்கே தலைமை. உள்ளே படம் எடுக்கச் சினிமாக்காரர்களுக்கு அனுமதி கொடுத்த புண்ணியவதியும் அவர்தான்.

அசல் சாரின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. வந்தவர்கள் செய்த முதல் வேலை, மெஷின் வைத்துச் சுவரெல்லாம் போலிச் சிலந்தி வலையைத் தெளித்ததுதான். இரண்டு வேளையும் பெருக்கித் துடைக்கிற அக்கா அழாத குறை. மியூசியம் என்றால் ஒட்டடை இருந்தால்தான் ஜனங்கள் நம்புவார்களாம். டைரக்டரே சொன்னாராம்.

படத்தில் காவலாளி வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடுகிறார். ஹீரோ கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, சிவப்புக் கதிர்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து போய் ராஜாவின் கிரீடத்தைத் தூக்குகிறான். கதிராவது ஒன்றாவது! கூரையே ஒழுகுகிற கட்டடம் அது.

கிரீடமும் தெர்மாகோல்தான், மேலே தங்கத்தாள். போகும்போது அதை விட்டுவிட்டுப் போனார்கள். மேடம் அதை எடுத்துக் கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"ஆள் வராத மியூசியத்தை மூடிடப் போறாங்க சார். எதைப் பார்க்க வந்தா என்ன, முதல்ல வாசலைத் தாண்டி வரட்டுமே" என்றார் மேடம்.

"பொய்யைப் பார்க்க வர்ற கூட்டம் எனக்கு வேண்டாம். அது இருக்கிற வரைக்கும் அந்த அறையில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்."

சொன்னபடியே வைக்கவில்லை. மனிதர் அப்படிப்பட்ட வைராக்கியக்காரர்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. ஈ ஓட்டிக்கொண்டிருந்த டிக்கெட் கவுண்டரில் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. சிவப்புக் கதிரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்கள். ரகசியக் கதவைத் தேடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். காவலாளியிடம் "என்னண்ணே, இன்னும் தூங்கலையா?" என்று ஒருத்தர் கேட்க, அவர் அன்றிலிருந்து நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

பிறகு படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. கூட்டம் மட்டும் போகவில்லை. வந்தவர்கள் வீட்டில் சொல்லி, அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்லி, வந்துகொண்டே இருந்தார்கள். தெர்மாகோலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று அசல் சாருக்கு வயிறு எரிந்தது.

மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மேலதிகாரி வந்தார். அவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் அசல் சார் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். மூடினாலும் மானத்தோடு மூடுங்கள் என்றார்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "தெர்மாகோலா? எங்க, காட்டுங்க பார்க்கலாம்."

மேடம் "வாங்க சார்" என்று முன்னால் நடந்தார். பெருக்குகிற அக்கா துடைப்பத்தை அணைத்துக்கொண்டு, நம்ம பிழைப்பு போச்சு என்பதுபோல் பார்த்தாள்.

முதல் கூடத்தில் பழைய படகைச் சுற்றி நல்ல கூட்டம். அடுத்தது அசல் சாருடைய நாணய அறை. அங்கே ஒரு கல்லூரிப் பெண் அவரை மடக்கிக்கொண்டாள். இந்தக் காசுக்கு மட்டும் ஏன் ஓரம் கோணலாக இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளியைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு, காசை மறுபடி செலவு செய்துவிடுகிற கில்லாடிகள் அந்தக் காலத்திலும் உண்டு என்று ஆரம்பித்தவர், உலகத்தையே மறந்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அதிகாரியே வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

யாரோ இருமின பிறகுதான் அசல் சாருக்குச் சுயநினைவு வந்தது.

"இவங்கல்லாம் போற வழியில சும்மா நிக்கிறவங்க சார். கடைசி அறையைப் பாருங்க, எதுக்கு முட்டி மோதுறாங்கன்னு தெரியும்."

உண்மையாகவே அங்கே முட்டி மோதிக்கொண்டுதான் இருந்தார்கள். பெட்டியே தெரியவில்லை. "சொன்னேனா இல்லையா?" என்றார் அசல் சார், வாசற்படியில் நின்றபடியே, வெற்றியோடு.

அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் எலும்பில் செதுக்கிய ஒரு பழைய சீப்பு. பக்கத்தில் ஓர் அம்மா தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, பேன் அப்பவே இருந்திருக்கு. உன்னை மாதிரி ஒருத்தி தலையைக் காட்ட மாட்டேன்னு ஓடியிருப்பா, அவ அம்மா பிடிச்சு உட்கார வெச்சு வாரியிருப்பா."

மகள் தலையைச் சொறிந்துகொண்டே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.

"இது?" என்றார் அதிகாரி.

"அசலேதான் சார். மண்ணைத் தோண்டி எடுத்தது" என்றார் மேடம்.

அதிகாரி கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "இவ்வளவு பேரை வெளியே அனுப்பிட்டு எவன் இதை மூடுவான்? நல்லா நடத்துங்க. முதல்ல அந்தக் கூரையைச் சரி பண்ணித் தரச் சொல்றேன்."

பெருக்குகிற அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கை தட்டினாள். காவலாளியும் தட்டினார். என்ன ஏது என்று தெரியாமல் கூட்டமே சேர்ந்து தட்டியது. மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அசல் சார் மட்டும் உள்ளே வந்து பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கதவு மூலையில் பார்த்தார். பிறகு மேடத்திடம் வந்தார்.

"கிரீடம் எங்க மேடம்?"

"படம் தியேட்டரை விட்டுப் போன அன்னைக்கே எடுத்துட்டேன் சார். அதைக் காணோம்னு தேடி வந்த முதல் ஆள் நீங்கதான்."