மூன்றா, ஒன்பதா

மறுபடியும் மூன்று.

ஏணியின் உச்சியில் நின்றபடி அவள் திரையைப் பார்த்தாள். ராட்டினத்தின் அச்சில் விழுந்திருக்கும் விரிசலின் ஆழம் மூன்று மில்லிமீட்டர் என்றது கணினி.

நேற்று மாலை அவளுடைய உதவியாளன் அளந்தபோது இதே விரிசலுக்கு ஒன்பது என்றிருந்தது.

விரிசல் ஒரே நாளில் ஆழமாகலாம். ஆழம் குறையாது. இரும்புக்குப் புண் ஆறும் வழக்கம் கிடையாது.

ஐந்து மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். அதைத் தாண்டினால் அச்சை மாற்றியாக வேண்டும். பொருட்காட்சி நான்கு மணிக்குத் திறக்கிறது. அதற்குள் பாதுகாப்புச் சான்றிதழில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

இருபது பெட்டிகள். பெட்டிக்கு நான்கு பேர்.

அவள் நம்பியிருந்த விஷயம் எளிமையானது. விரிசலின் ஒரு பக்கத்திலிருந்து ஒரு சென்சார் ஒலியை அனுப்பும். மறுபக்கம் இன்னொன்று கேட்கும். ஒலிக்கு விரிசல் ஒரு பள்ளம். தாண்டிக் குதிக்கத் தெரியாது. அடிவரை இறங்கி ஏறித்தான் வரும். பள்ளம் ஆழமானால் தாமதமாக வரும். களைத்தும் வரும்.

அந்தத் தாமதத்தையும் களைப்பையும் கேட்டு ஆழத்தைச் சொல்ல ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கியிருந்தாள். இரண்டு வருடம். ஆயிரத்து நானூறு இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் அவளே ரம்பத்தால் போட்ட வெட்டு.

ராட்டினத்தை ஓட்டும் ஒச்சப்பன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வெயிலில் உளறுகிறதே, கணினிக்கு ஒரு மோர் வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

அவள் கிரீஸைத் துடைத்தாள். கேபிளை மாற்றினாள்.

மூன்று.

நேற்று அளந்தபோது என்ன வேறாக இருந்தது என்று ஒச்சப்பனிடம் கேட்டாள். கரண்ட் போய்விட்டது, சக்கரம் நின்ற இடத்தில் அப்படியே நின்றது என்றார் அவர். மற்ற நாளெல்லாம் அதன் இடத்தில்தான் நிறுத்துவாராம்.

அது எந்த இடம்?

ஒச்சப்பன் மேலே கை காட்டினார். சக்கரத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பெட்டி. அதில் கருப்பசாமி படம்.

"சாமி மேலதான மேடம் இருக்கணும். தரையிலயா நிப்பாட்டுவாக?"

அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து அச்சுக்கு நேராக இறங்கும் இரும்புக் கம்பியைப் பார்த்தாள். கம்பி முடியும் இடத்தில், அச்சின் முதுகில், விரிசல்.

அச்சின் இரு முனைகளும் தூண்களின் மேல் இருக்கின்றன. ராட்டினத்தின் எடை முழுவதும் நடுவில். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அச்சு தொய்கிறது. தொய்யும்போது மேல்பக்கம் நெருக்கும். கீழ்ப்பக்கம் இழுபட்டு விரியும்.

சாமி மேலே இருந்தால் விரிசலும் மேலே. அதன் உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஒலி பள்ளத்தில் இறங்காமல் குறுக்கே நடந்து வந்துவிடுகிறது.

ரம்ப வெட்டுக்கு அகலம் உண்டு. அது ஒருநாளும் ஒட்டாது. ஆயிரத்து நானூறு துண்டுகளில் ஒன்றுகூட அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

"சாமியக் கீழ எறக்குங்கண்ணே."

ஒச்சப்பன் தயங்கினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு லீவரைப் பிடித்தார்.

காலிச் சக்கரம் அரைக்கால் வட்டம், எட்டில் ஒரு பங்கு, சுற்றி நின்றது.

நான்கு.

இன்னும் அரைக்கால் வட்டம்.

ஆறு.

எட்டு.

அடுத்ததற்கு ஏணி போதவில்லை. குறுக்கே பலகை கட்டி, அச்சுக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். கிரீஸ் சொட்டிக் கன்னத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

ஒன்பது.

சக்கரம் மறுபக்கமாக ஏறியது. எட்டு. ஆறு. நான்கு.

மூன்று.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கணினி ஒரு தடவைகூட உளறவில்லை. ஒலி எந்த வழியில் வந்ததோ அந்த வழியின் கணக்கைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது.

கீழே, ராட்டினத்தின் சொந்தக்காரி இன்பவல்லி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது என்றாள் அவள். இன்பவல்லி ஒரு கேள்வியும் கேட்காமல் டிக்கெட் கவுண்டரின் பலகைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

அவள் ஏணியில் நின்றபடியே நோட்டை எடுத்து எழுதினாள்.

விரிசல் அச்சின் அடியில் வரும்படி சக்கரத்தை நிறுத்தவும். அதன் பிறகு அளக்கவும். ஆழம் ஒன்பது மில்லிமீட்டர்.