பச்சைப் பொட்டு

“யாரு பண்ண வேலை இது?”

சூப்பர்வைசர் ஆதிநாராயணன் ரோட்டர் கோரை மேஜைமேல் ‘ணங்’கென்று வைத்தார். மோட்டார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கினால் ஒரு கோர். எல்லாத் தகட்டிலும் வெட்டிய விளிம்பின் பிசிறு ஒரே பக்கம் பார்க்க வேண்டும். இதில் நடுவே ஒரு தகடு தலைகீழ்.

காலையில் மேனேஜர் விட்ட டோஸில் மனுஷனுக்கு மானமே போயிருந்தது. அதை யார் தலையிலாவது இறக்கினால்தான் மத்தியானச் சோறு இறங்கும்.

அடுக்கியவர் தன் கலரில் ஒரு பெயிண்ட் பொட்டு வைப்பது அங்கே வழக்கம். இதில் இருந்தது பச்சை.

“கிரேஸு, உன் பொட்டுதானே இது?”

“ஆமா சார். என் பொட்டுதான்.”

“கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? உன்னால நான் கையக் கட்டிக்கினு நின்னேன், தெரியுமா? நாளைலேருந்து வராத!”

லைனே வேடிக்கை பார்த்தது. கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனாள். அவள் புருஷனுக்கு வேலை இல்லை என்பது கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

ஆதிநாராயணன் தன் கேபினுக்குத் திரும்பினார். பின்னாலேயே வந்தாள் கிரேஸுக்குப் பக்கத்து சீட் மோனிகா.

“சார், அந்தக் கோர்ல தேதி பாத்தீங்களா? ஃபாரின்காரங்க வந்தாங்களே, அன்னிக்குப் போட்டது.”

“அதுக்கு இன்னா?”

“அன்னிக்குப் பொழுதுக்கும் கிரேஸு அவங்களுக்கு டீ குடுத்துக்கினு இருந்தா. நீங்கதான் அனுப்பினீங்க. அவ சீட்ல ஒக்காந்து ஒரு கோரு அடுக்கிக் காமிச்சதும் நீங்கதான். பொட்டு இல்லாம கோரு வெளிய போவாதேன்னு, சாயந்தரம் அவதான் தன் பொட்ட வெச்சா.”

அடுக்கி முடித்ததும் ஃபாரின்காரர்கள் கைதட்டியது ஞாபகம் வந்தது. அந்த போட்டோவை ஸ்டேட்டஸ் வேறு வைத்திருந்தார். ஆதிநாராயணனை வெட்கம் பிடுங்கித் தின்ன, கேட்டுக்கு ஓடினார்.

“கிரேஸு, நில்லும்மா! நான் அடுக்கினதுன்னு உனக்குத் தெரியுந்தானே? அங்கியே சொல்றதுக்கு இன்னா?”

கிரேஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்களே சார்... உங்களுக்கு அசிங்கமாப் பூடாது?”