கழுவாத பாட்டில்

"பாட்டிலை நான்தான் சரியா கழுவலை. என் தப்பு" என்றார் மேடம்.

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. துளி தூசி கண்டாலும் ஊரைக் கூட்டுகிற மேடமா? முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'தராசு' என்று சொல்கிற மேடமா?

செல்போனிலும் காந்தத்திலும் இருக்கும் அருமண் உலோகங்கள் மனித உடம்பில் எவ்வளவு சேர்கின்றன என்று அளக்கும் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நேற்று ஊழியர்களே ஆளுக்கொரு பாட்டிலில் சிறுநீர் கொடுத்திருந்தார்கள். எது யாருடையது என்பது மேடத்துக்கு மட்டுமே தெரியும்.

மெஷின் தாலாட்டுப்போல முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டும் பனிப்புகையாகிச் சுடருக்குள் கரைந்து, திரையில் கோடாக எழுந்தது. மற்ற உலோகங்களெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடக்க, ஒரு பாட்டிலில் மட்டும் காடோலினியம் என்ற உலோகம் விண்ணை முட்டியது. அதைப் பார்த்துத்தான் மேடம் அப்படிச் சொன்னார்.

"இன்னொரு தடவை அளந்து பார்க்கலாமே மேடம்?" என்றாள் மெஷினை இயக்கிக்கொண்டிருந்தவள்.

"வேண்டாம்மா." பாட்டிலை எடுத்துக் கொட்டியே விட்டார்.

சாயங்காலம் தூறல். தெருவிளக்குகள் ஈரத்தில் கரைந்து மிதந்தன. ஒரே குடைக்குள் அவளும், அதே கூடத்தில் வேலை செய்யும் அவள் கணவனும்.

"பார்த்தீங்களா? அன்னைக்கு நான் ஒரு குடுவையை மாத்தி வெச்சதுக்கு என்ன குதி குதிச்சாங்க! இன்னைக்குத் தன் தப்புன்னதும் தடயமே இல்லாம கொட்டிட்டாங்க. ஊருக்குத்தான் உபதேசம்!"

அவன் சிரிக்கவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்தபடி சொன்னான்.

"முந்தாநாள் தலையை ஸ்கேன் எடுத்தேன். ரொம்ப நாளா தலைவலி."

அவள் நின்றுவிட்டாள்.

"ரிசல்ட்?"

"காலையில வந்துடுச்சு. பயப்பட ஒண்ணும் இல்லை. மாசமா இருக்கிற உன்னை ஏன் கலங்க வைக்கணும்னுதான்..."

அவள் அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் பொறி தட்டியது.

"ஸ்கேனுக்கு முன்னாடி ஊசி போட்டாங்களா? அந்த மருந்துல இருக்கிறதே காடோலினியம்தானே! அப்போ அந்தப் பாட்டில்..."

"என்னோடது."

"மேடத்துக்கு..?"

"பார்த்ததுமே புரிஞ்சிருக்கு. கிளம்பும்போது தனியா கூப்பிட்டாங்க. 'கட்டினவ இதை மெஷின் சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது தம்பி, நீங்க சொல்லித்தான் தெரியணும்'னாங்க."