மெரூன் நூலும் ஒரு கீற்று வெயிலும்

தக்கலை நூல்கடை வாசலில், மழைமேகத்தைப் பார்த்தபடி ரெஜிலா நிற்கிறாள். ஒரு கையில் புதிய மெரூன் நைலான் நூல்கோன், மறு கையில் அவள் தைத்த வேன் சீட் உறை. எல்லா உறைகளிலும் மேல்வரிசைத் தையலை ஒரு கோனில் முடித்து, கீழ்வரிசையை ராத்திரியில் அடுத்த கோனில் தைத்தாள். கடைசி உறைக்கு நூல் போதவில்லை. சாயங்காலம் வேன்காரர் வந்துவிடுவார். டியூப்லைட்டில் எல்லா மெரூனும் ஒன்றுதான். வெயிலில்தான் நூல் தன் நிறத்தைச் சொல்லும்.

“கலர் நம்பரு ஒண்ணுதானக்கா. சூரியன் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வாங்குவியளோ?” உள்ளிருந்து கேட்கிறான் கடைக்காரன் அனில்குமார்.

“கலர் மாறினா பிரிச்சுத் தைக்க முடியாதுல்லா. ரெக்ஸின்ல ஊசி போன ஓட்டை அடையாது மக்கா.”

நூல் நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். பேருந்து ஒன்று சேற்றை இறைத்துப் போகிறது. உறையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். எதிர்க்கடைத் தகரக்கூரையில் சட்டென்று வெளிச்சம் விழுந்து, தெருவைக் கடந்து அவள் கைக்கு வருகிறது. நூலைத் தையல்மேல் வைக்கிறாள். மேல்வரிசையோடு அது அப்படியே கலந்துவிடுகிறது. கீழ்வரிசை மட்டும், அவளே தைத்தது, செங்கல் நிறத்தில் தனியாகக் கிடக்கிறது. வீட்டில் அடுக்கியிருக்கும் எல்லா உறைகளிலும் அதே கீழ்வரிசைதான்.

“சேருதாக்கா?”

ரெஜிலா கட்டைவிரலால் கீழ்வரிசையை மறைத்துப் பிடித்துக்கொள்கிறாள்.

“சேருது” என்கிறாள்.