அம்மாவின் ஆசி

ஐஸ் ஆலை முதலாளிகள் சங்கத்துக்காக அமைச்சர்களைப் பார்த்துப் பேசிக் காரியம் முடிப்பவர் சிகாமணி. யாரிடம் என்ன பேச வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் வைத்திருப்பார்; மூச்சைக்கூட அதன்படிதான் விடுவார். அந்தப் பட்டியலை வைத்துக் கடலையே உறையவைக்க அனுமதி வாங்கிவிடுவார் என்று ஊரே நம்பியது. ஆனால் மின்கட்டணச் சலுகைக்கு இன்று கையெழுத்து விழாவிட்டால் நாளை அவருக்கு வேலை இல்லை. அமைச்சர் தம் வீட்டில், ஒரு காலி நாற்காலியின் முன்னே முக்காலி போட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சிகாமணி சால்வை போர்த்தினார், காபியைப் புகழ்ந்தார். பட்டியலின் அடுத்த வரியை வாய் தானாகவே சொன்னது.

"அம்மா சௌக்கியமாண்ணே?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. போன மாதம் இறந்துபோன அமைச்சரின் அம்மாவின் உடலுக்கு லாரி டயர் அளவில் மாலை போட்டவரே இவர்தான். பட்டியலில் இந்த வரியை அடிக்க மறந்துவிட்டார்.

அமைச்சர் கோபப்படவில்லை. குனிந்த தலையோடே நாற்காலியிடம் சொன்னார்: "கேட்டியாம்மா? எல்லாரும் மறந்துட்டாங்கன்னியே, நம்ம சிகாமணி விசாரிக்கிறான் பாரு." பிறகு பேனாவைத் திறந்தார். "ஏன்யா நிக்கிற? எப்பவும் அம்மா கால்ல விழுவியே!"

ஆமாம், அதுதான் அடுத்த வரி. சிகாமணி நாற்காலியின் கீழே வெறும் தரையைத் தொட்டார். எந்த ஆலையிலும் இல்லாத குளிரோடு ஒரு கை அவர் தலைமேல் வந்து அமர்ந்தது. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழப் பார்த்தார், முடியவில்லை.

"அப்பாடா!" என்று அமைச்சர் தலையை நிமிர்த்திக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு மாசமாச்சுய்யா, தலை நிமிர்ந்து."