வாரிசுகளின் சம்மதம்

ஓவியத்தின் நடுவில் கத்தியைப் பாய்ச்சி இழுத்தேன். சாட்டையை ஓங்கிய ஸ்ரீரங்கத்து மிராசுதாருக்கும், மரத்தில் கட்டப்பட்டுத் தலைகுனிந்து நின்ற கூலியாளுக்கும் நடுவே படம் கிழிந்து தொங்கியது.

காவலாளி அன்புச்செல்வன் என் கையை முறுக்கித் தரையில் தள்ளினான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

"விடுங்க அவரை!"

பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் செயல் இயக்குநர் பெலிண்டா ஓடிவந்தார். நான் எழுந்து, துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"சாயங்காலம் திறப்பு விழா. ஏன் இப்படிப் பண்ணீங்க ஐயா?"

"என் தாத்தாவை இந்தக் கோலத்துல ஊரே பார்க்கணுமா? எங்க குடும்பத்துக்கு மானம் இல்லையா?"

"நடந்ததைத்தானே வரைஞ்சிருக்கு? தாத்தா சாட்டையை எடுத்தாரு, பேரன் கத்தியை எடுக்கிறீங்களாக்கும்!"

"வாயை அடக்கிப் பேசுங்கம்மா."

"வாரிசுங்க சம்மதம் இல்லாம யார் முகத்தையும் நான் இங்க மாட்டறதில்ல. உங்க வீட்டுக்கே வந்து கேட்டேன். பெருந்தன்மையா சரின்னு சொன்னாங்க."

"எங்க வீட்டுக்கு யாரும் வரல."

"என்ன ஐயா இது! ஸ்ரீரங்கத்துல மிராசுதார் பங்களாவுல உட்கார்ந்து காபி குடிச்சிட்டு வந்தேனே!"

"அது அடிச்சவர் வீடு," என்றேன். "கட்டிவெச்சு யாரை அடிச்சாரோ, அவரோட பேரன் நான். உயிர் போற வரைக்கும் அவர் தலை குனியலம்மா. நீங்க குனிய வெச்சிட்டீங்க."