பத்து நாள் மீசை

அவள் மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

கண்மைதான். இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. ஏறினால் ஏறட்டும்.

லாரி ஓட்டும் தங்கபாண்டி, குறத்தி வேஷத்துக்குக் கண் தீட்ட அதே மை டப்பாவுக்காகக் காத்து நின்றான். மீன் ஏலக்காரர் மகனுக்கு ரெட்டைச் சடை, பட்டுப்பாவாடை. கொலுசு வேறு கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தான், இருபத்தாறு வயதுக் கழுதை.

தசரா வந்துவிட்டால் இந்த ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் சேலைக்குள்தான் இருப்பார்கள். குலசை முத்தாரம்மனுக்கு நேர்ச்சை. மஞ்சள் காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்குவார்கள். திருவிழா முடிந்ததும் குலசைக்குப் போய்க் காப்பை அறுத்து, கடலில் குளித்து, வேஷத்தைக் கலைப்பார்கள். அதுவரை அவர்கள் அம்மனின் ஆட்கள். எந்த வீட்டிலும் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். சேலை கட்டிய லாரி டிரைவர் காலில் கிழவிகள்கூட விழுவார்கள்.

அவள் வருஷம் முழுக்கச் சேலை கட்டினாள்.

அதுதான் குற்றம்.

"அந்த வேஷத்தக் கலைச்சுட்டு ஆம்பளையா வா. அதுவரைக்கும் என் வாசல மிதிச்சிராத."

அவளைப் பெற்ற ஐயா முன்பு ஒருநாள் சொன்னது. அவள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது, ஒரு வீடு கிடைத்தது, ஒரு பெயர் கிடைத்தது. வாசல் மட்டும் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் தசராக் குழுத் தலைவர் லிங்கராஜிடம் வந்து பெயர் கொடுத்தாள். பொம்பளை வேஷம்தானே என்று கேட்டார்.

"ஆம்பள வேஷம் அண்ணாச்சி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய்த் தன் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கூந்தலை முண்டாசுக்குள் ஒளித்தாள். வேட்டியை மடித்துக் கட்டினாள். மேளத்துக்கு முன்னால், வெயிலில், தெரு நடுவே நடந்தாள். தங்கபாண்டி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் வரைந்த மீசையை முறுக்குவதுபோல் முறுக்கிக் காட்டினாள்.

பிறகு அந்த வீடு வந்தது.

வாசற்படியை மிதித்து ஏறினாள்.

ஐயா வெளியே வந்தார். வேட்டியைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. இத்தனை வருஷமாக அவள் பார்க்க ஏங்கிய முகம். அவளுக்கு அதுதான் வலித்தது.

"ஏ செல்லக்கனி! எம்மவன் வந்துட்டாம் பாரு!"

அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே அவள் தோளைப் பிடித்தார். கன்னத்தைத் தடவினார்.

கட்டைவிரலில் மை ஒட்டிக்கொண்டது.

விரலைப் பார்த்தார். வியர்வையில் கரையும் மீசையைப் பார்த்தார். அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பைப் பார்த்தார்.

கை இன்னும் தோளில்தான் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டுமே, மகனாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது.

நிமிர்ந்தாள். துணிப்பையை நீட்டினாள்.

"வேஷம் வந்திருக்கு ஐயா. காணிக்கை போடுங்க."

தோளிலிருந்து கை விழுந்தது.

மேளம் நின்றது. தெரு மொத்தமும் அந்த வாசலையே பார்த்தது. போட்டால், இந்த ஆம்பிளைதான் வேஷம் என்று ஐயாவே ஒத்துக்கொண்டதாகும். போடாவிட்டால், அம்மனையே திருப்பி அனுப்பியதாகும்.

அவள் கெஞ்சவில்லை. பையை இறக்கவும் இல்லை.

அம்மா நாழி நிறைய அரிசியோடு வந்து ஐயா பக்கத்தில் நின்றாள். நீட்டிக்கொண்டே நின்றாள்.

ஐயா நாழியை வாங்கினார். பையில் கொட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காணிக்கை போட்டவருக்கு வேஷக்காரர் குங்குமம் வைக்க வேண்டும். அதற்கு அவர் தலை குனிய வேண்டும்.

குனிந்தார்.

அவள் அழுத்தியே வைத்தாள்.

மேளம் மறுபடி கிளம்பியது. அவள் படியிறங்கி அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். அம்மாவின் குரல் மேளத்தையும் மீறி வந்தது. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து தெரு கேட்டதில்லை.

"காப்பு அறுக்கிற அன்னைக்கு நானும் குலசைக்கு வாரேன்ட்டி. குளிச்சுட்டு உடுத்த என் சேல ஒண்ணு கொண்டாரேன்."

ஐயா வாசலிலேயே நின்றார்.

நெற்றியைத் துடைக்கவில்லை.